முதல் குழந்தைக்கு எட்டு மாதம், அடுத்ததற்கு மூன்று ஆண்டு இடைவெளி: எந்தக் கருத்தடை முறை பொருந்தும்?

கேள்வி: எனக்கு வயது 26. சிசேரியனில் பிறந்த முதல் குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது. தாய்ப்பாலோடு கஞ்சியும் இட்லியும் கொடுக்கிறேன். போன மாதம் மாதவிடாய் திரும்பிவிட்டது. கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் ரத்த அழுத்தம் கூடியிருந்தது. இப்போது சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.8. கணவர் லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அடுத்த குழந்தைக்கு மூன்று ஆண்டாவது இடைவெளி வேண்டும் என்று இருவரும் நினைக்கிறோம். காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்கிறார் மாமியார். மாத்திரை சாப்பிட்டால் பிறகு குழந்தையே தங்காது என்கிறார் அக்கா. சீக்கிரமே இன்னொன்றையும் பெற்றுக்கொண்டு ஒரேயடியாக ஆபரேஷன் செய்துவிடலாம் என்பது அம்மாவின் யோசனை. நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள ஒவ்வொரு விவரமும் விடையை ஏதோ ஒரு பக்கம் திருப்பக்கூடியது என்பதால், பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போகாமல் உங்கள் நிலையிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் அவசரமான ஒன்று. முடிவெடுக்கும்வரை, இன்றிலிருந்தே ஆணுறை பயன்படுத்துங்கள். பால் கொடுக்கும்வரை கரு நிற்காது என்று நம்பியிருந்து, குழந்தை தவழும்போதே மீண்டும் கருவுற்று வருபவர்கள் மகப்பேறுப் பிரிவில் இன்றும் குறைவில்லை. தாய்ப்பால் கருத்தடையாக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுத்திருக்கக் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்தினால்தான் அது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரைக் காக்கும். உங்களுக்கு மூன்றுமே கடந்துவிட்டன. எந்த முறையைத் தொடங்கும் முன்பும் சிறுநீரில் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பெரும்பாலானோர் கேட்பது, எது நூற்றுக்கு நூறு பாதுகாப்பு, எதில் பக்கவிளைவே இல்லை என்ற இரண்டு கேள்விகளை. இரண்டுக்கும் விடையாக ஒரு முறையும் உலகில் இல்லை. அதனால் நான் வேறு மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வேன். இந்த முறை தவறி இப்போதே கருவுற்றால் உங்களுக்கு அது எவ்வளவு பெரிய இடைஞ்சல்? உங்கள் உடல்நிலை எந்த முறையைத் தடுக்கிறது? மூன்றாவதாக, இந்த முறை உங்கள் மாதவிடாயை என்ன செய்யும், அந்த மாற்றத்தோடு உங்களால் இருக்க முடியுமா? இந்த மூன்றாவது கேள்வியை மருத்துவர்களும் நேரமின்மையால் விட்டுவிடுகிறோம், பெண்களும் கூச்சத்தால் கேட்பதில்லை. ஆனால் காப்பர்-டியை ஆறே மாதத்தில் எடுக்கச் சொல்லி வருபவர்களும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியின் இரண்டாவது தவணைக்கு வராமல் நின்றுவிடுபவர்களும் பெரும்பாலும் சொல்லும் காரணம் உதிரப்போக்கில் வந்த மாற்றம்தான். முன்பே சொல்லியிருந்தால் பாதிப் பேர் தொடர்ந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

முதல் கேள்வியை உங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே குறைந்தது 24 மாதம் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சிசேரியன் ஆனவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கருப்பையில் தையலிட்ட இடம் வலுப்பெறுமுன் அடுத்த கரு வளர்ந்தால், பிரசவ வலியின்போது அந்தத் தழும்பு பிரியும் ஆபத்து கூடுகிறது. போதாததற்கு உங்கள் ரத்தமும் குறைவாக இருக்கிறது. ஆகவே, அடுத்த ஆண்டு தவறிப்போனாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய புதுமணத் தம்பதியின் கணக்கும் உங்கள் கணக்கும் வேறு. உங்களுக்கு உறுதி அதிகமான முறை தேவை. அம்மா சொல்லும் "சீக்கிரமே இன்னொன்று" என்ற யோசனையை இந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

உறுதி என்பதைப் புரிந்துகொள்ள ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரையை ஒருநாளும் தவறாமல் விழுங்கினால் ஓராண்டில் ஆயிரத்தில் மூன்று பேர்தான் கருவுறுவார்கள். ஆனால் நடைமுறையில், மறதியும் ஊர்ப்பயணமும் கடை மூடியிருப்பதுமாகச் சேர்ந்து, நூற்றுக்கு ஏழு பேர் கருவுறுகிறார்கள். ஆணுறையில் இந்தக் கணக்கு நூற்றுக்கு இரண்டு என்பதிலிருந்து பதின்மூன்றாகிறது. மூன்று மாத ஊசியில் நடைமுறைத் தோல்வி நூற்றுக்கு நான்கு. கடைசி நேரத்தில் விலகிக்கொள்ளும் வழக்கத்தை நம்பியிருப்பவர்களில் ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் கருவுறுகிறார். காப்பர்-டியிலோ நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. போட்டபின் செய்வதற்கு எதுவுமில்லை என்பதால் நடைமுறைக் கணக்கும் ஏட்டுக் கணக்கும் ஏறத்தாழ ஒன்றே. மனிதர்களின் ஞாபகத்தை நம்பாத முறைகளே உறுதியானவை. "பத்திரமான நாட்கள்" பார்த்து இருப்பதை உங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். பாலூட்டும் காலத்தில் மாதவிடாய் இப்போதுதான் திரும்பியிருக்கிறது, அது ஒழுங்குக்கு வரச் சில மாதங்கள் ஆகும், அதுவரை நாள் எண்ணுவதற்கு அடிப்படையே இல்லை.

உங்கள் கணவரின் தொழிலைக் குறிப்பிட்டதும் நல்லதாயிற்று. வெளியூரில் வேலை செய்யும் கணவர்களைக் கொண்ட பெண்களிடம் நான் அடிக்கடி காணும் பிழை, அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும் மாத்திரை போட்டுக்கொள்வது. மாத்திரை அன்றைய இரவுக்கான காவல் அல்ல. 21 நாளும் விடாமல் எடுத்தால்தான் சினைமுட்டை வெளிவருவது அடங்கியிருக்கும். அவர் இல்லாத பதினைந்து நாளும் தினமும் மாத்திரை விழுங்குவது அலுப்பாக இருக்கும் என்று தோன்றினால், அந்த அலுப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வேறு முறைக்குப் போவதே புத்திசாலித்தனம்.

இனி உடல்நிலை. பொதுவாக மாத்திரை என்று சொல்வது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் கலந்தது. ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் இருப்பவர்கள், தலைவலிக்கு முன் கண்ணில் மின்னலடிப்பது போன்ற அறிகுறிகளோடு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி ஏற்பட்டவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கு அது ஆகாது. சிறுவயதுக் காய்ச்சலால் இதய வால்வு பழுதடைந்தவர்கள் இதய மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசபின் போன்றவை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதை மருந்துக் கடையில் யாரும் சொல்வதில்லை. அந்த மருந்துகள் எடுப்பவர்கள் காப்பர்-டிக்கோ மூன்று மாத ஊசிக்கோ போகலாம். பாலூட்டும் தாய்மார்களுக்குக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை இந்தக் கலப்பு மாத்திரை கூடாது, பால் குறையலாம். உங்களைப் பொறுத்தவரை அந்த எல்லை தாண்டிவிட்டது. கர்ப்பகாலத்தில் அழுத்தம் கூடியிருந்ததும், இப்போது இயல்பாக இருந்தால், முழுத் தடை ஆகாது. ஆனால் தொடங்கும் முன் அளந்து பார்ப்பதும், தொடங்கிய பின் அவ்வப்போது அளப்பதும் கட்டாயம். ஆறு மாதம் ஆகாத குழந்தை உள்ளவர்களுக்கு டெசோஜெஸ்ட்ரல் போன்ற ஒற்றை ஹார்மோன் மாத்திரை உண்டு. அதை இடைவெளியே விடாமல் தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் உங்கள் ஹீமோகுளோபினோடு நேரடியாகத் தொடர்புடையது. காப்பர்-டி போட்ட முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு மாதவிடாய் முன்பைவிடக் கூடுதலாகவும் ஓரிரு நாள் நீண்டும் வலியோடும் வரும். பெரும்பாலோருக்குப் பிறகு தணியும், சிலருக்குத் தணியாது. கலப்பு மாத்திரை மாதவிடாயைத் தேதி தவறாமல், குறைந்த அளவில், வலி குறைவாக வரவழைக்கும். மூன்று மாத ஊசியில் முதல் சில மாதங்கள் எப்போது படும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாத சிறுசிறு கசிவு இருக்கும். போகப்போக மாதவிடாயே நின்றுவிடுவது இயல்பு. காப்பர்-டி போலவே கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயிலில் உதிரம் மிகக் குறைந்து, ஓராண்டு முடிவில் ஐந்தில் ஒருவருக்கு வராமலே போகும். வராமல் இருப்பதை நம் வீடுகளில் "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்குகிறது" என்று பயப்படுகிறார்கள். அப்படித் தேங்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை. கருப்பையின் உட்சவ்வு ஹார்மோனால் மெல்லியதாக இருப்பதால் உதிர்வதற்கும் எதுவும் இல்லை, அவ்வளவே. ஆனால் தீட்டு நின்றால் ஒவ்வொரு மாதமும் கரு நின்றுவிட்டதோ என்று மனம் பதைக்கும் என்றால், அல்லது எதிர்பாராத கசிவு பூஜைக்கும் விசேஷங்களுக்கும் போவதில் வீட்டில் சங்கடத்தை உண்டாக்கும் என்றால், அதுவும் தேர்வில் எண்ணிப் பார்க்க வேண்டிய நியாயமான காரணமே. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு ஊசி போடச் சொன்னால், அடுத்த தவணைக்கு அந்தப் பெண் வரமாட்டார்.

காப்பர்-டியைப் பற்றி மாமியாரின் அச்சத்துக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்களுக்கு நான் பரிசீலிக்கச் சொல்லும் முறைகளில் அது ஒன்று. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படும் 380ஏ வகை பத்தாண்டும், 375 வகை ஐந்தாண்டும் வேலை செய்யும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் 380ஏ ஒரு சிறிய பிளாஸ்டிக் துண்டுதான்: உயரம் 36 மில்லிமீட்டர், இரு கைகளின் அகலம் 32 மில்லிமீட்டர், தண்டில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், அடியில் இரண்டு மெல்லிய நூல்கள் தொங்கும். போடும்போது மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ முதலில் உள்பரிசோதனை செய்து கருப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். கருப்பைவாயைத் துடைத்து, அளவுகோல் போன்ற ஒரு மெல்லிய கம்பியால் உள் ஆழத்தை அளப்பார். கைகள் மடக்கப்பட்ட காப்பர்-டியை ஒரு குழாயின் வழியே அந்த ஆழம்வரை செலுத்திக் குழாயைப் பின்னிழுத்ததும் கைகள் விரிந்து அமர்ந்துகொள்ளும். நூலைச் சில சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடுவார். எல்லாம் சில நிமிட வேலை. மாதவிடாய் வலிபோல் ஒரு பிடிப்பு அப்போது வரும், மயக்க மருந்து தேவைப்படாது. கருப்பை மேலே நெஞ்சோடு எந்த வழியாலும் இணைந்ததல்ல. அதன் இருபுறமும் பிரியும் சினைக்குழாய்களின் துவாரம் ஒரு நூலிழை நுழையும் அளவே. அரிதாக, போடும் வேளையில் கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவதுண்டு. அது ஆயிரத்தில் ஓரிருவருக்கு நேர்வது. பாலூட்டும் காலத்தில் கருப்பைச் சுவர் மென்மையாக இருப்பதால் சற்றுக் கூடும், அப்போதும் நூற்றில் ஒருவருக்கும் குறைவே. அப்படியானாலும் ஸ்கேனிலோ எக்ஸ்ரேயிலோ கண்டுபிடித்து எடுத்துவிடலாம். துளைபடுவதைவிட அதிகம் நடப்பது தானாகக் கீழே நழுவி விழுந்துவிடுவது. அதனால்தான் முதல் சில மாதங்கள் மாதவிடாய் முடிந்ததும் நூல் தட்டுப்படுகிறதா என்று விரலால் பார்க்கச் சொல்கிறோம்.

செம்பு அயனிகள் விந்தணுக்களை முடக்குவதே அதன் முதன்மையான வேலை. ஆகவே மாதாமாதம் கரு கலைகிறது என்ற பேச்சும் சரியல்ல. இப்போதே வெள்ளைப்படுதல் துர்நாற்றத்தோடு இருந்தாலோ, அடிவயிற்றில் தொற்று இருந்தாலோ, காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்தாலோ அதைச் சரிசெய்யாமல் போடக் கூடாது. தொற்று ஏறும் வாய்ப்பு போட்ட முதல் மூன்று வாரங்களில்தான் அதிகம். அதன்பிறகு வரும் எல்லா உடல் தொல்லைக்கும், முதுகுவலி முதல் முடி உதிர்வு வரை, காப்பர்-டியின் மேல் பழி போடுவது நம் ஊர் வழக்கம்.

கையில் பணம் இருந்தால் ஹார்மோன் காயில் உங்களுக்கு இன்னும் பொருத்தம். அதே வடிவம், செம்புக்குப் பதில் லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனை மிகக் குறைந்த அளவில் கருப்பைக்குள்ளேயே கசியவிடும். உறுதியில் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு நிகரானது, உதிரத்தைக் குறைப்பதால் ரத்தசோகைக்கும் துணையாகும், பாலைப் பாதிக்காது. பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில்தான் போடுகிறார்கள். விலை சில ஆயிரங்கள். மேற்கையின் உட்புறத் தோலுக்கடியில் பொருத்தும், ஹார்மோன் கசியும் ஒற்றைக் குச்சி மூன்று ஆண்டுக்கானது என்பதால் உங்கள் கணக்குக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் நம் நாட்டு அரசுத் திட்டத்தில் அது அண்மையில் சில மாவட்டங்களில்தான் தொடங்கப்பட்டிருக்கிறது, ஆகவே கேட்டுப் பார்க்கலாம், நம்பியிருக்க முடியாது.

"அந்தரா" என்ற பெயரில் 2017 முதல் அரசு இலவசமாகத் தரும் மூன்று மாத ஊசி, மாமியாருக்கும் பக்கத்து வீட்டுக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று விரும்பும் பெண்களுக்கு ஏற்றது என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன். கையிலோ இடுப்பிலோ போட்டதும் அந்த இடத்தைத் தேய்க்கவோ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவோ கூடாது, மருந்து வேகமாகக் கரைந்து காவல் நாட்கள் குறையும். தவணை நான்கு வாரம்வரை தள்ளிப்போனால் சமாளிக்கலாம், அதற்குமேல் ஆகாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிலோ எடை கூடலாம். எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்து, நிறுத்தியபின் மீளும். உங்களுக்கு முக்கியமானது, நிறுத்திய உடனே கரு தங்காது என்பது: கடைசி ஊசிக்குப் பின் சராசரியாக ஒன்பது பத்து மாதம் ஆகும். மலட்டுத்தன்மை அல்ல, தாமதம்தான். ஆயினும் மூன்றாம் ஆண்டில் குழந்தை வேண்டுமென்றால் இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்தத் திட்டமிட வேண்டும்.

அக்காவின் அச்சத்துக்கு வருகிறேன். கலப்பு மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலிருந்து ஓரிரு மாதத்துக்குள் சினைமுட்டை வெளிவருவது திரும்பிவிடும். எத்தனை ஆண்டு எடுத்தாலும் கருவளம் குறைவதில்லை. அதுமட்டுமல்ல, கருப்பையின் உட்சவ்வுப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பை அது குறைக்கிறது. அரசின் "மாலா-என்" அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும்: 21 ஹார்மோன், அடர்நிறத்தில் உள்ள 7 இரும்புச்சத்து. அந்த ஏழையும் பலர் குப்பையில் போடுகிறார்கள். உங்களைப் போல் ரத்தம் குறைந்தவர்கள் ஒருபோதும் போடக் கூடாது, தவிர அவை அடுத்த அட்டையைத் தொடங்கும் நாளை மறக்காமலிருக்கவும் உதவுபவை. ஒரு மாத்திரை மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு வழக்கம்போல் தொடரலாம். இரண்டோ அதற்கு மேலோ மறந்தால், ஒன்றை உடனே போட்டு, தொடர்ந்து ஏழு மாத்திரை முடியும்வரை ஆணுறையும் சேர வேண்டும். அது மூன்றாம் வாரமாக இருந்தால் இரும்பு மாத்திரைகளை அந்த முறை மட்டும் தவிர்த்துப் புதிய அட்டைக்கு நேராகப் போய்விட வேண்டும்.

லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த செண்ட்குரோமான் என்ற கருத்தடை மாத்திரை, முன்பு "சஹேலி" என்றும் இப்போது அரசுத் திட்டத்தில் "சாயா" என்றும் வருவது, ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் அல்ல, பாலூட்டுபவர்களும் எடுக்கலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. வாரத்துக்கு ஒருநாள் என்பது கேட்க எளிது, மறப்பதற்கும் எளிது. மாதவிடாய் தள்ளிப்போவது அதன் இயல்பு என்பதால், சினைப்பை நீர்க்கட்டிகள் உள்ளவர்களுக்கும் அண்மையில் மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் தருவதில்லை.

ஆணுறையை நான் தனி முறையாக உங்களுக்குச் சொல்லவில்லை, ஆனால் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். பால்வினை நோய்களைத் தடுப்பது அது ஒன்றே. லாரியின் கேபினில் வெயிலில் கிடந்ததையும் பர்சில் மடிந்து கிடந்ததையும் பயன்படுத்தக் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் நைந்து கிழியும். இந்த ஒன்றை மட்டும் கணவரிடம் தவறாமல் சொல்லுங்கள். கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை முதல் நாளிலேயே, 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரை ஒன்று போதும். தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகள் அதை வைப்பதில்லை என்பதால், அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்வது அதைவிட உறுதியான அவசர வழி. எல்லாம் மீறிக் கரு நின்றாலும் நீங்கள் வழியற்றவர் அல்ல: கருத்தடை முறை தோற்றதைக் காரணமாகச் சொல்லி 20 வாரம்வரை பதிவுபெற்ற மருத்துவரிடம் கருக்கலைப்பு செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது, 2021-இல் வந்த திருத்தம் அந்த உரிமையை மணமாகாத பெண்களுக்கும் விரித்திருக்கிறது. கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே கலைக்க முயல்வதுதான் உயிருக்கு ஆபத்து, அதிலும் கருப்பையில் தழும்பு உள்ளவருக்கு.

ஆபரேஷனைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். இந்தியா முழுவதற்கும் அது 37.9 சதவீதம், ஆண்களில் 0.3 சதவீதம். இரண்டு குழந்தைகளைப் பக்கம் பக்கமாகப் பெற்று, 25 வயதில் முடித்துக்கொள்வதே ஒழுங்கு என்று ஒரு தலைமுறை பழகிவிட்டதால், நடுவில் உள்ள முறைகள் கண்ணில் படுவதே இல்லை. அமெரிக்காவில் அறுவை செய்துகொண்ட பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்தபோது, 30 வயதுக்குள் செய்தவர்களில் ஐந்தில் ஒருவர் பிற்பாடு வருந்தியதாகத் தெரிந்தது. ஆண்களுக்கான தழும்பில்லா வாசெக்டமி அதைவிட எளியது, வயிற்றைத் திறப்பதில்லை, ஆண்மைக்கான ஹார்மோன் முன்போலவே சுரக்கும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்யும்வரை மட்டும் வேறு காவல் வேண்டும். 1975–77 நெருக்கடி நிலையில் வட மாநிலங்களில் ஆண்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செய்த நினைவு நாடு முழுதும் அந்த முறையைக் கெடுத்துவிட்டது, சுமை முழுவதும் பெண்கள் பக்கம் சாய்ந்தது. உங்களுக்கு இப்போது இரண்டுமே வேண்டாம். இரண்டாவது குழந்தைக்குப் பின் பேசும்போது கணவரையும் அருகில் உட்காரவைத்துப் பேசுங்கள்.

ஆக, உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால் நான் சொல்லும் வரிசை இதுதான். செலவு செய்ய முடிந்தால் ஹார்மோன் காயில். முடியாவிட்டால் 380ஏ காப்பர்-டி, கூடவே இன்றிலிருந்தே இரும்பு மாத்திரை. 9.8 என்பது காப்பர்-டியைத் தடுக்கும் அளவு அல்ல, ஆனால் அலட்சியம் செய்யும் அளவும் அல்ல. இரும்பு மாத்திரையைக் காப்பி, டீ, பாலோடு எடுக்காமல் எலுமிச்சைச் சாற்றோடோ நெல்லிக்காயோடோ எடுத்து, மூன்று மாதம் கழித்து ரத்தத்தை மீண்டும் பாருங்கள். ஆறு மாதம் ஆகியும் உதிரம் அடங்காமல் ஹீமோகுளோபின் ஏற மறுத்தால் காப்பர்-டியை எடுத்துவிட்டு அந்தராவுக்கு மாறலாம். உள்ளே ஒரு பொருளை வைத்துக்கொள்வதே மனதுக்கு ஒவ்வாது என்றால், முதலிலேயே அந்தரா. கருத்தடை மாத்திரை உங்களுக்குத் தவறானதல்ல, ஆனால் அழுத்தத்தின் பழைய கதையும் கணவர் இல்லாத பாதி மாதமும் சேர்ந்து அதை நான்காவது இடத்துக்குத் தள்ளுகின்றன.

அடுத்த மாதவிடாய் தொடங்கிய முதல் சில நாட்களுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால் கரு இல்லை என்ற உறுதியோடு காப்பர்-டியைப் போட்டுவிடலாம். பிரசவ அட்டையையும் ரத்த அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள், சிசேரியன் ஆனதை முதலிலேயே சொல்லுங்கள். கணவரின் கையெழுத்து தேவையில்லை. அவர்கள் தரும் அட்டையில் எந்த வகை, போட்ட தேதி, எடுக்க வேண்டிய ஆண்டு மூன்றும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து மாதவிடாய் முடிந்ததும் ஒருமுறை காட்டிவிட வேண்டும். காய்ச்சலோடு அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மாதவிடாய் தள்ளிப்போதல், நூல் காணாமற்போதல் அல்லது திடீரென நீளமாதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த அட்டையோடு உடனே போக வேண்டும். ஐயம் எழுந்தால் 104 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். அடுத்த குழந்தைக்குத் தயாரானதும், பத்தாண்டு முடியவில்லை என்று யாரும் மறுக்க முடியாது. எந்த நாளிலும் எடுக்கச் சொல்லலாம், அந்த மாதமே கரு தங்கவும் கூடும். அதனால் எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கிவிட்டு, முதல் கர்ப்பத்தில் அழுத்தம் கூடியதை முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.